இன்டர்வல் ஃபைட்டுக்கு பழைய பாட்டு கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். முதல் படம் ஓகே ஆனதுல எனக்கும் உங்க அண்ணிக்கும் அவ்ளோ சந்தோஷம், அத முதல்ல சொல்லிடறேன். ஆனா அதே மெசேஜ்ல கடைசியா ஒன்னு கேட்ட பாத்தியா, "அண்ணே இன்டர்வல் ஃபைட்டுக்கு ஒரு 90ஸ் பாட்டு போடலாம்னு இருக்கேன், இதுவரைக்கும் யாரும் யூஸ் பண்ணாததா ஒரு லிஸ்ட் அனுப்புங்க"ன்னு, அதுக்கு வாட்ஸ்அப்ல பதில் டைப் பண்ண உக்காந்தேன், அது பாட்டுக்கு போய்க்கிட்டே இருந்துச்சு, சரி உனக்கு மட்டும் இல்ல உன் செட்டு பசங்க எல்லாருக்கும் ஆகும்னு இங்கயே போட்டுட்டேன். பேர் சொல்லல, பயப்படாத. லிஸ்ட்டும் அனுப்பப் போறதில்ல.

"இப்ப வர்ற பாட்டெல்லாம் பாட்டா"ன்னு ஆரம்பிச்சாலே பூமர் அங்கிள்னு சொல்லிடுவீங்கன்னு தெரியும். எங்க சித்தப்பா ராஜா பாட்டையே "ஒரே டமடமா சத்தம்"னு சொல்லி ரேடியோவ ஆஃப் பண்ணவர், அவருக்கு எம்எஸ்விக்கு அப்புறம் தமிழ்நாட்டுல பாட்டே கிடையாது. அதனால அந்த புலம்பல் எனக்கு நல்லாவே தெரியும். நான் சொல்ல வர்றது அது இல்ல. இன்னிக்கு இருக்கற மியூசிக் டைரக்டர்ங்ககிட்ட சரக்கு இருக்கு. பாட்டு நல்லா இல்லாததுக்கு முக்கால்வாசி காரணம் உங்காளுங்கதான், டைரக்டருங்க. இத யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க, எல்லா அடியும் மியூசிக் போட்டவனுக்கே விழுது.

உன் இன்டர்வல் ஃபைட்டையே எடுத்துக்க. 2022ல விக்ரம்ல "சக்கு சக்கு வத்திக்குச்சி" வந்தப்ப தியேட்டரே ஆடுச்சு, நானும் விசில் அடிச்சேன், இல்லங்கல. அது 1995ல வந்த அசுரன் பாட்டு, போட்டவர் ஆதித்யன். பழைய அமரன் படத்துல "வெத்தல போட்ட ஷோக்குல" போட்டவரும் அவர்தான். மனுஷன் 2017லயே போய் சேந்துட்டார். அவர் இருந்த வரைக்கும் எந்த டைரக்டரும் அந்தப் பாட்ட ஞாபகம் வெச்சிருந்த மாதிரி தெரியல, செத்து அஞ்சு வருஷம் கழிச்சு ஊரே ரீல்ஸ் போடுது. அடுத்த வருஷம் லியோல "கரு கரு கருப்பாயி", தேவா போட்டது, 2000ல ஏழையின் சிரிப்பில் படத்துல வந்தது. ரெண்டு படத்துக்கும் மியூசிக் அனிருத், இன்னிக்கு தேதிக்கு அவர விட மார்க்கெட் உள்ள ஆள் யாரு? அவரையே பக்கத்துல வெச்சுக்கிட்டு, ஜனங்க எந்திரிச்சு நிக்கணும்னு நெனைக்கற இடத்துக்கு இருபது வருஷத்துக்கு முந்தின பாட்ட தேடிப் போறாங்கன்னா என்ன அர்த்தம்? புதுசா போட்டா இது நடக்காதுன்னு டைரக்டருக்கே நம்பிக்கை போயிடுச்சு. இரவல் நகை போட்டுக்கிட்டு கல்யாணத்துக்கு வந்தா ஃபோட்டோல அழகாத்தான் இருக்கும் தம்பி, மறுநாள் கழட்டிக் குடுக்கணும்ல.

பழைய பாட்ட தொடவே கூடாதுன்னு சொல்லல. 96 படத்துல "யமுனை ஆற்றிலே" வருது. ஸ்கூல் படிக்கும்போதுலேர்ந்து ராம் பாடச் சொல்லி கேட்டுக்கிட்டே இருக்கான், ஜானு வேணும்னே அத மட்டும் பாட மாட்டா, அத்தன வருஷம் கழிச்சு கரண்ட் போன இருட்டுல திடீர்னு பாட ஆரம்பிக்கறா, இவன் அடிச்சுப் புடிச்சு ஓடி வர்றான். அங்க அந்தப் பாட்ட எடுத்துட்டா கதையில ஓட்டை விழுந்துடும். லப்பர் பந்து படத்துல கெத்துங்கற ஆளு கேப்டன் விஜயகாந்த் ரசிகன், அவன் கிரவுண்டுல இறங்கும்போது கேப்டனோட பொன்மனச் செல்வன் பாட்டு வருது, "நீ பொட்டு வெச்ச தங்கக்குடம்", அது அந்த ஆளோட அடையாளம். உன் ஃபைட்ல வரப்போற பாட்டுக்கும் உன் ஹீரோவுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டேன், "வைப் செட் ஆகுதுண்ணே"ன்ன. அவ்ளோதான் உன் பதில்.

குணா படத்து கண்மணி அன்போடு பாட்ட கொஞ்சம் பக்கத்துல வெச்சு பாப்போம், ஏன்னா எல்லாரும் அத தூக்கி கொண்டாடறாங்களே தவிர அது எப்டி பொறந்துச்சுன்னு பாக்கறதில்ல. ஹீரோ குணா சொல்றான், ஹீரோயின் எழுதறா. அவன் சொல்றது பூரா பேச்சு, மெட்டே கிடையாது, தடுமாறி தடுமாறி சொல்றான். அவ எழுதினத திருப்பிப் படிக்கும்போதுதான் அது பாட்டா மாறுது. அவ வாய்ல ஜானகியம்மா குரல். மனசுல கவிதையா கொட்டுது, எழுதலாம்னு உக்காந்தா வார்த்த வர மாட்டேங்குதுங்கறான், அந்த வராத வார்த்தைக்குத்தான் மெட்டு. இத ஒரு டைரக்டர் வந்து "சார் ஒரு லவ் மெலடி வேணும், ஹூக், டக்குன்னு மனசுல ஒட்டற அந்த வரி, கேச்சியா இருக்கணும்"னு கேட்டிருந்தா கிடைச்சிருக்குமா? ஒருத்தன் சொல்ல இன்னொருத்தி எழுதறாங்கற சீன் கைல இருந்ததாலதான் வாலிக்கு அந்த வரி, ராஜாவுக்கு அந்த வடிவம். ஒரு விஷயம் கவனிச்சியா, குணாவும் தளபதியும் ஒரே தீபாவளிக்கு வந்த படம், 1991. இதுல கண்மணி அன்போடு, அதுல யமுனை ஆற்றிலே. ஒரே ஆள். நெனச்சா தல சுத்துது.

அப்புறம் 2024ல மஞ்சும்மல் பாய்ஸ். அதுவும் பழைய பாட்ட, இதே கண்மணி அன்போட, எடுத்ததுதான், ஆனா அந்தப் பசங்க மாட்டினதே குணா பட ஷூட்டிங் நடந்ததால குணா குகைன்னே பேர் வந்துட்ட இடத்துல. குழிக்குள்ள விழுந்தவன மேல தூக்கும்போது "மனிதக் காதல் அல்ல"ங்கற வரி வருது, 33 வருஷம் காதலியப் பத்தியே கேட்ட வரி அங்க நண்பனப் பத்தி ஆகிடுது. ரைட்ஸ் பஞ்சாயத்து, நோட்டீஸ் எல்லாம் பின்னாடி வந்துச்சு, அது வேற கத. ஒரு மலையாள டைரக்டர் நம்ம பாட்ட நம்மள விட நல்லா புரிஞ்சு வெச்சிருக்காரேன்னு எனக்கு கொஞ்சம் பொறாமையாவே இருந்துச்சு.

இப்ப உங்க பக்கம் எப்டி நடக்குது? கம்போசிங்னு போறீங்க, போகும்போதே ரெஃபரன்ஸ்னு நாலு பாட்டு, அதுல ரெண்டு அவரே முந்தின படத்துல போட்டது. "இதே மாதிரி, ஆனா இது இல்லாம"ன்னு ஒரு விளக்கம். அவர் என்னதான் பண்ணுவார்? பாட்டு எங்க வருதுன்னு கேட்டா "மான்டேஜ் சார், எடிட்ல பாத்துக்கலாம்". படத்துல இடமே முடிவாகல ஆனா ஃபர்ஸ்ட் சிங்கிள் தேதி முடிவாகிடுச்சு, ஆடியோ கம்பெனி போன் பண்ணிக்கிட்டே இருக்கு. ஸ்பாட்டிஃபைல 30 செகண்ட் ஓடினாத்தான் ஒரு ஸ்ட்ரீம்னு கணக்கு, 2020ல டிக்டாக்க தடை பண்ணி ரீல்ஸ் வந்ததுலேர்ந்து அதுக்கும் ஒரு கணக்கு, அதனால ஹூக்க தூக்கி முன்னாடி வை, ரெண்டாவது சரணத்த தூக்கு, நடுவுல வர்ற இன்டர்லூட் மியூசிக்கா, அது எதுக்கு, ஸ்கிப் பண்ணிடுவான். கடைசில படத்துல அந்த சிங்கிள் ஒன்றர நிமிஷம் வருது, அதுலயும் பாதி மேல ஹீரோ டயலாக்.

நேரம் கம்மிண்ணே அதான்னு சொல்லாத. அந்தக் காலத்து 78 ஆர்பிஎம் இசைத்தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணு மூணேகால் நிமிஷம்தான் புடிக்கும். அதுக்குள்ள பல்லவி, ரெண்டு சரணம், நடுவுல பிஜிஎம்னு எல்லாத்தையும் அடக்கி வெச்சாங்க. எங்க சித்தப்பாவ இந்த ஒரு விஷயத்துக்கு நான் மன்னிச்சுட்டேன்.

அர்த்தமில்லாத வரின்னு திட்டறதும் எனக்கு ஒத்து வராது. முக்காலா முக்காபுலாவுக்கு என்ன அர்த்தம்? ஜாலியா இருந்துச்சு ஆடினோம். முன்னாடியெல்லாம் மெட்டுக்கு தத்தகாரம், அதான் வார்த்த இல்லாம தன்னன்னா தானன்னான்னு, பாடி வைப்பாங்க, அப்புறம் கவிஞர் வந்து அந்த எடத்துல வார்த்த போடுவார். இப்ப பல பாட்டுல கவிஞர் வந்துட்டுப் போன தடமே இல்ல. இதுல குரல வேற சத்தத்துக்கு அடியில புதைச்சுடறாங்க, காதுல கேட்டா புரியாதுன்னு தெரிஞ்சுதானோ என்னவோ லிரிக் வீடியோன்னு எழுதியே காட்டறாங்க.

போன ஆவணில உசிலம்பட்டி பக்கம் ஒரு கல்யாணத்துக்கு போயிருந்தோம். கச்சேரி வெச்சிருந்தாங்க, கீபோர்டு, ரெண்டு கிடார், ரிதம் பேட், தபேலா எல்லாம் இருந்துச்சு. சின்னப் பசங்க மேடைகிட்ட போய் புதுப்பாட்டு கேட்டாங்க. கீபோர்டு அண்ணன் லேப்டாப்ல மைனஸ் டிராக்க, பாடற குரல் மட்டும் இல்லாத ரெக்கார்டிங்க, போட்டுட்டு கைய கட்டிக்கிட்டார். பேட் வாசிக்கறவர் குச்சிய கீழ வெச்சுட்டு டீ குடிச்சார், தபேலாக்காரர் போன நோண்டறார், பாடற பையன் மட்டும் குதிச்சுக்கிட்டு இருந்தான். பசங்க ஆடினாங்க, நல்லாத்தான் ஆடினாங்க. அடுத்து யாரோ பெரியவர் சீட்டு எழுதிக் குடுத்தார், "ராசாத்தி உன்ன". தபேலாக்காரர் போன சட்டப்பைல போட்டுட்டு நிமிந்து உக்காந்தார். முதல் பிஜிஎம் வந்தப்ப புல்லாங்குழலுக்கு ஆள் இல்லாம கீபோர்டுலயே சமாளிச்சாங்க, ஒரு எடத்துல பிசகுச்சு, பந்திலேர்ந்து கை கழுவிட்டு வந்த ஒரு அம்மா அந்த எடத்த வாயாலயே முனகி சரி பண்ணிட்டு போச்சு! பாட்டு வரிய இல்ல, நடுவுல வர்ற மியூசிக்க. அப்பறமா டீ குடிச்ச அண்ணன்கிட்ட பேச்சுக் குடுத்தேன், "புதுசுல எங்களுக்கு வேலை இல்லைங்க, வாசிக்கற மாதிரி அதுல ஒன்னும் எழுதல"ன்னார்.

ஒன்னுமே நல்லா வரலன்னு சொன்னா அதுவும் பொய். தங்க மீன்கள்ல "ஆனந்த யாழை", 2013. நா. முத்துக்குமாருக்கு தேசிய விருது வாங்கிக் குடுத்தது. மகளுக்கும் அப்பனுக்கும் நடுவுல என்ன இருக்குன்னு டைரக்டர் ராம் தெளிவா சொல்லியிருக்கணும், இல்லாட்டி யுவனும் அவரும் அங்க போய் நின்னிருக்க முடியாது. இன்னொரு பக்கம் கைதி, 2019, எனக்கு பாட்டே வேணாம்னு எடுத்த படம். அதுவும் மரியாதைதான். வேணும்னா எடம் குடு, வேணாம்னா விட்டுடு. நடுவுல நின்னுக்கிட்டு, ஆடியோ ரைட்ஸ் காசுக்காக அஞ்சு பாட்ட வாங்கி அதுல நால எங்கயாச்சும் சொருகறதுதான் பாட்டுக்கு நடக்கற கொடுமை.

உன் ஸ்கிரிப்ட படிச்சதுல எனக்கு ஒரு சீன் மனசுலயே நிக்குது. அந்த அம்மா கடைசி பஸ்ஸ விட்டுட்டு பஸ் ஸ்டாண்டுலயே ராத்திரி பூரா உக்காந்திருக்கும்ல, பையன் அங்க ஃபைட்ல இருக்கறது தெரியாம, மடியில அவனுக்கு கட்டின சோத்து மூட்டையோட. நீ அத ரெண்டு ஷாட்ல முடிச்சுட்ட. அங்கதான்டா பாட்டு இருக்கு. ஃபைட்டயும் அதையும் மாத்தி மாத்தி வெட்டினாலும் சரி, தனியா விட்டாலும் சரி, அது உன் வேலை. மியூசிக் டைரக்டர்கிட்ட ரெஃபரன்ஸ் ஒன்னும் குடுக்காத. அந்த பஸ் ஸ்டாண்டப் பத்தி மட்டும் ஒரு மணி நேரம் பேசு, எந்த ஊரு, என்ன மாசம், குளிருதா, டீக்கடை எத்தன மணிக்கு சாத்துவான், அந்தம்மா யாரையாவது கேக்குமா கேக்காதா. நாலு மெட்டு போட்டார்னா நாலையும் கேளு, உடனே ஹூக் எங்கன்னு கேக்காத. புரொட்யூசர் ஃபர்ஸ்ட் சிங்கிளுக்கு இது ஆகாதும்பார். ஆக வேணாம், அதுக்கு வேற ஒரு குத்துப்பாட்டு குடு, நானும் ஆடறேன்.

மெட்டு ஓகே ஆனதும் தத்தகாரத்தோடயே எனக்கு அனுப்பி வை, வரி அப்பறம் வந்தா போதும். ராத்திரி 10 மணிக்கு மேல மட்டும் அனுப்பாத, ஸ்பீக்கர்ல போட்டா உங்க அண்ணி திட்டுவா.

இப்படிக்கு
உன் அண்ணன்