பிறந்த குழந்தையையும் உறுப்பினராகச் சேருங்கள்: நூலகர்களுக்கு ஒரு திறந்த மடல்

நூலகர்களுக்கும் நூலக நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

பல நூலகங்களில் குழந்தைகள் பிரிவு என்பது எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கானது. அதற்கு முந்தைய ஐந்தாறு வருடங்கள் கணக்கிலேயே வருவதில்லை. பத்து நாள் குழந்தைக்கு நூலகம் எதற்கு என்று சிரிப்பு வரலாம். ஆனால் வயிற்றில் இருக்கும் கடைசி மாதங்களிலேயே குழந்தைக்குக் காது கேட்கிறது. பிறந்த சில நாட்களில் அம்மாவின் குரலை மற்ற குரல்களிலிருந்து பிரித்தறிந்துவிடுகிறது. பார்வை தெளியத்தான் நாளாகும். முதலில் 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு நன்றாகத் தெரியும். மடியில் கிடத்திப் புத்தகத்தைப் பிடித்தால் ஏறக்குறைய அந்தத் தூரம்தான். கறுப்பு வெள்ளையில் பெரிய உருவங்கள் போட்ட கெட்டி அட்டைப் புத்தகங்கள் சிலவற்றை வாங்கி வையுங்கள்.

வாங்கி வைத்தால் மட்டும் போதாது. பிரசவமான வீட்டில் தூக்கமே இல்லை, அவர்களுக்கு நூலகமா ஞாபகம் வரும்? நீங்கள்தான் அவர்களைத் தேடிப் போக வேண்டும். 1992-இல் பிரிட்டனின் பர்மிங்ஹாமில் 300 குடும்பங்களோடு தொடங்கிய புக்ஸ்டார்ட் திட்டம், குழந்தைகளை வழக்கமாகப் பார்க்கும் சுகாதாரப் பணியாளர்கள் கையாலேயே புத்தகப் பையைக் கொடுக்க வைத்தது. பின்னால் அது நாடு முழுவதும் பரவியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும், கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்லுமாறு 2014-இல் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. பிரசவ வார்டும் தடுப்பூசி போடும் இடமும் உங்களுக்கு நல்ல கூட்டாளிகள்.

அப்புறம், பெற்றோரின் கூச்சம். பதில் பேசாத குழந்தையிடம் புத்தகத்தைப் பிரித்துப் படிக்கப் பலருக்கு வெட்கமாக இருக்கிறது. எப்படிப் படிப்பது என்றும் தெரியவில்லை. வாரம் ஒரு காலை, இருபது நிமிடம், குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு எல்லாரும் உட்காரட்டும். நூலகர் ஒரு பக்கம் படித்து, ஒரு பாட்டுப் பாடி, குழந்தை 'ங்கா' என்றால் நிறுத்திப் பதில் சொல்லிக் காட்டட்டும். பார்த்துவிட்டால் கூச்சம் பாதி போய்விடும். சரளமாகப் படிக்க வராத பெற்றோரை இங்கே மறந்துவிடாதீர்கள். படத்தைக் காட்டி வாய்க்கு வந்த கதையைச் சொன்னாலும் குழந்தைக்குச் சொற்கள் போய்ச் சேர்கின்றன. வீட்டில் எந்த மொழி பேசுகிறார்களோ அந்த மொழியே போதும், தாலாட்டும் கணக்கில் சேரும்.

தயவுசெய்து இதை 'அறிவாளிக் குழந்தை' வகுப்பாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். எழுத்து அட்டைகளை ஆட்டிக் காட்டும் வேலை இந்த வயதில் வேண்டாம். ஏற்கெனவே கவலையில் இருக்கும் பெற்றோருக்கு அது இன்னொரு பரீட்சை.

குழந்தை அழும், அந்த நேரத்தில் 'அமைதி' பலகையைக் கழற்றி வையுங்கள். பாலூட்ட ஒரு மறைவிடமும் வேண்டும். புத்தகத்தைக் கடிக்கும், கிழிக்கும். அதற்கு அபராதம் போட்டால் அந்தக் குடும்பம் திரும்பி வராது. கிழிந்ததற்கு மாற்று வாங்கும் பணத்தை வரவுசெலவுத் திட்டத்திலேயே சேர்த்துவிடலாம்.

இதில் செலவே இல்லாத வேலை ஒன்று உண்டு. உறுப்பினர் படிவத்தில் குறைந்தபட்ச வயது என்று ஒரு வரி இருந்தால், அதை முதலில் அடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்