குஞ்சு விடாதே, மாப்ளே

பெங்களூரு

அன்புள்ள மாப்ளே,

அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது. ஆடி பதினெட்டு, காலை ஒன்பது மணி, பவானி கூடுதுறை, ‘காவிரித் தாய்க்குப் பத்தாயிரம் மஹசீர் குஞ்சுகள்’. கீழே தூண்டில் சங்கத் தலைவர் என்று உன் பெயர், கூப்பிய கையோடு படம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுத்திருக்கிறாய். வாத்தியார் பார்த்தால் என்ன சொல்வார் என்று உனக்கே தெரியும். இங்கே எல்லாரும் சௌக்கியம். சின்னவள் கோவையிலேயே சேர்ந்துவிட்டாள். முழங்கால் அப்படியேதான். விசேஷம் அவ்வளவுதான், இனி சண்டை.

அந்தக் குஞ்சுகளை ஆற்றில் விடாதே.

மேடையில் எனக்கு நாற்காலி போடவில்லை என்ற கோபத்தில் எழுதுகிறேன் என்று மொட்டை சொல்வான். சொல்லட்டும். முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்: எந்த மஹசீர்? அந்தப் பெயரில் ஆற்று மீன் பல இனம் உண்டு. எது என்று அழைப்பிதழில் இல்லை. அதில் போட்டிருக்கும் படம் இமயமலைப் பக்கத்துத் தங்க மஹசீர். காவிரிக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. படத்தை விடு, அச்சகத்துக்காரன் கூகுளில் எடுத்திருப்பான். டேங்கர் லாரியில் வரப்போவது எது? யாரிடம் வாங்குகிறீர்கள்? தாய் மீன் எந்த ஆற்றில் பிடித்தது?

காவிரியின் சொந்த மீன் திமில் மஹசீர். 1946இல், மைசூரில் மிருகங்களைப் பாடம் செய்த குடும்பத்து வான் இங்கன் கபினியில் பிடித்தாரே, 120 பவுண்டு, அந்த ஜாதி. பெயர் மட்டும் அதற்கு ரொம்ப நாள் சரியாக அமையவில்லை. கேரளத்துப் பாம்பாற்றில் கிடைத்த சின்ன மீன்களை வைத்து ‘டோர் ரெமாதேவி’ என்று தனி இனமாக எழுதியிருந்தார்கள். பாம்பாறு நம் அமராவதியில் வந்து விழுவது. நம்முடைய ராட்சதனும் அதே இனம்தான் என்று 2018இல் மரபணு பார்த்து உறுதி செய்தார்கள். அதே ஆண்டு சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் ‘மிக அருகிய இனம்’ என்று சேர்த்தார்கள். புலிக்கே அந்தப் பட்டியலில் அதற்கு ஒரு படி கீழேதான் இடம்.

பண்ணையில் சுலபமாகக் கிடைப்பது நீலத்துடுப்பு மஹசீர், ‘டோர் குத்ரி’. அது புனேப் பக்கம் முளா-முட்டா ஆற்றில் 1839இலேயே விவரித்த மீன், கிருஷ்ணா படுகைக்காரன். லோனாவ்லாவில் டாடா மின் நிறுவனம் 1970களிலிருந்து அதைச் செயற்கையாகப் பொரிக்க வைக்கிறது. அந்த வேலையைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, கெட்டிக்கார வேலை. ஆனால் அங்கிருந்து போன குஞ்சுகள் பல மாநிலத்து ஆறுகளில் விழுந்தன, காவிரி உட்பட. விட்டவர்கள் எல்லாரும் நல்ல மனசோடுதான் விட்டார்கள். தூண்டில்காரர்களும் பக்கத்தில் நின்று கை தட்டினார்கள்.

அப்புறம் நடந்ததை நீ பொறுமையாகப் படிக்க வேண்டும். கர்நாடகத்தில் அர்க்காவதி காவிரியில் சேரும் சங்கமத்துக்குக் கீழே கலிபோரே முகாமில், பிடித்துவிட்டுத் திரும்ப விடும் தூண்டில்காரர்கள் நோட்டுப் போட்டு எழுதி வைத்தார்கள். 1998இலிருந்து 2012 வரை 23,000 மணி நேரத்துக்கு மேல் தூண்டில் போட்ட கணக்கு, 6,000க்கும் மேற்பட்ட மஹசீர். விஞ்ஞானிகள் கூட்டிப் பார்த்தபோது முதலில் எல்லாருக்கும் சந்தோஷம். ஒரு மணி நேரத்துக்குக் கிடைக்கும் மீன் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது, சராசரி எடை குறைகிறது. சின்ன மீன் நிறைய வருகிறது என்று அர்த்தம், அதாவது ஆறு தேறிவிட்டது.

மீனை வகை பிரித்துப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. ஏறியது முழுக்க நீலத்துடுப்பு. 1993க்கு முன்னால் அங்கே யாரும் பார்த்திராத மீன் அது. திமில் மஹசீரைத் தனியாக எடுத்தால் எண்ணிக்கை இறங்குகிறது, எடை மட்டும் ஏறுகிறது. போட்டோவில் பார்க்கிறவனுக்கு அது கொண்டாட்டம், ‘பார் எவ்வளவு பெரிசு!’ கிழடுகள் மட்டும்தான் மிச்சம், கீழே வாரிசு வரவில்லை என்பதை அந்த எடைதான் சொல்லியது. மொத்த எண்ணிக்கையைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டே ஒரு இனத்தைத் தொலைக்கலாம், மாப்ளே. என் பயம் இதுதான்.

‘ரெண்டு மீனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்துவிட்டுப் போகட்டுமே’ என்பாய். ஒரே மடு, ஒரே ஜல்லிப் படுகை, ஒரே இரை. பண்ணைக் குஞ்சு விரலளவு வளர்ந்த பிறகுதான் ஆற்றுக்கு வருகிறது. ஆற்றில் பொரித்தது அந்த அளவு வருவதற்குள் பாதி ஆபத்தைத் தாண்ட வேண்டும். கலப்பு நடந்தால் அதைத் திரும்ப எடுக்க வழியே கிடையாது. போதாக்குறைக்கு, லாரித் தண்ணீரோடு வரும் பேன், பூஞ்சை, கூடவே ரெண்டு ஜிலேபிக் கெண்டைக் குஞ்சு. இத்தனையையும் மேளதாளத்தோடு இறக்குவீர்கள்.

சொந்த இனமே என்று பண்ணைக்காரர் சத்தியம் செய்தால்? எழுத்தில் கேள். தாய் மீன் எத்தனை, எந்த இடத்தில் பிடித்தது, மரபணு பார்த்த சான்று, நோய் பார்த்த சான்று. நாலே தாய் மீனிலிருந்து பத்தாயிரம் என்றால் பத்தாயிரமும் அண்ணன் தம்பி, அதையும் விடக்கூடாது. மீன்வளத்துறை மூலம் வருகிறதென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு, முப்பது நாளில் பதில். ‘மீன் வளம் பற்றிய விவரம் தருக’ என்று எழுதினால் துண்டு நோட்டீஸ்தான் வரும். எந்த இனம், எந்தத் தேதி, எந்த இடம், எத்தனை குஞ்சு, எந்தப் பண்ணை என்று ஐந்து கேள்வியாக உடைத்துக் கேள்.

இன்னொன்று. பவானியில் மஹசீர் குறைந்ததற்குக் காரணம் குஞ்சுப் பஞ்சமா? இது கழுத்து வரை சேறு தேங்கிய குளம் இல்லையே. மஹசீர் ஓடுகிற தண்ணீரில், ஜல்லி மேல் முட்டை போடுகிற மீன். முட்டை கல்லுக்கிடையில் கிடந்து பொரிக்க மூன்று நான்கு நாள் ஆகும். அந்த நாலு நாளில் மேலே மின் உற்பத்திக்காகத் தண்ணீரைத் திறந்து மூடினால், ராத்திரி நனைந்த ஜல்லி மத்தியானம் வெயிலில் காய்கிறது. மணல் அள்ளினால் ஜல்லியே இல்லை. அணை குறுக்கே நின்றால் மேலே ஏறவே வழியில்லை: மேட்டூர் 1934, பவானிசாகர் 1955. கோடையில் மடுவில் ஒடுங்கிக் கிடக்கும்போது தோட்டா போட்டு வெடித்துப் பிடிக்கிறார்கள். இதில் எதையும் பத்தாயிரம் குஞ்சு சரி செய்யாது. மேகேதாட்டு விஷயத்திலும் இரண்டு மாநிலமும் டிஎம்சியில்தான் சண்டை போடுகின்றன. கடைசித் திமில் மஹசீர்கள் குடியிருக்கும் ஓட்ட ஆறு 67 டிஎம்சி தேக்கத்துக்குள் போகும் என்று சட்டசபையில் எழுந்து சொல்ல அந்த மீனுக்கு ஆளில்லை. மோயாறு இன்னும் மிச்சம் வைத்திருக்கிறது; அது புலிக் காப்பகத்துக்குள் இருக்கிற புண்ணியம்.

அப்படியானால் சங்கம் என்னதான் செய்வது? கத்து. ஆனால் கணக்கோடு கத்து. ‘முன்னெல்லாம் ஆள் உசரத்துக்கு மீன் இருந்தது’ என்று கலெக்டரிடம் சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த மனுவை எடுப்பார். நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கு. தேதி, இடம், எத்தனை ராடு, எத்தனை மணி நேரம், என்ன இரை, தண்ணீர் தெளிவா கலங்கலா, என்ன மீன், எத்தனை சென்டிமீட்டர். மூன்று பேர் நாலு மணி நேரம் உட்கார்ந்தால் பன்னிரண்டு தூண்டில் மணி. ஒன்றும் கடிக்காத நாளைத்தான் நம் ஆட்கள் எழுத மாட்டார்கள். எழுத வைக்க வேண்டியதே அதைத்தான். வெறுங்கை நாள் விட்டுப்போனால் நோட்டில் ஆறு எப்போதும் செழிப்பாகத்தான் தெரியும், வகுத்துப் பார்க்க ஒன்றும் இருக்காது.

மஹசீர் என்றால் படம் கட்டாயம். எப்போதும் இடது பக்கம், பக்கவாட்டில், துடுப்பு விரிந்திருக்க, பக்கத்தில் டேப். பார்க்க வேண்டியது மூன்று: தலைக்குப் பின்னால் முதுகுக் கோடு உடைந்து ஏறுகிறதா, திமில் செவுள் மூடிக்கு மேலேயே தொடங்குகிறதா, வால் பளிச்சென்ற ஆரஞ்சா. துடுப்பில் நீலம் ஓடினால் மற்றது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எடுக்கிற படத்தில் உன் தொந்திதான் தெரியும்.

விடுகிற முறையையும் புதுப் பையன்களுக்குச் சொல்லிக் கொடு. ஒற்றை முள்தான், அதன் எதிர்முள்ளைக் குறடால் அமுக்கிவிட வேண்டும். மூன்று கொக்கி முள் வேண்டவே வேண்டாம். தங்கூசி நரம்பு மெல்லிசாக இருந்தால் வீரம் என்று நினைக்கிறார்கள். மெல்லிசு என்றால் இழுபறி நீளும், மீன் களைத்து, விட்ட பிறகு செத்துப்போகும். கேழ்வரகு உருண்டையை விழுங்கவிட்டு இழுக்காதே, கடித்ததுமே இழு. ஆழத்தில் முள் போயிருந்தால் நோண்டாமல் நரம்பை அறுத்து விடு. கையை நனைத்துக்கொண்டு தொடு. பாறை மேல் கிடத்தாதே. தண்ணீருக்கு வெளியே பத்து விநாடி, அதற்கு மேல் இல்லை. தலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொள், தானாக உதறிப் போகிற வரை. சித்திரை வைகாசி வெந்நீரில், மத்தியான வேளையில் மஹசீருக்குத் தூண்டிலே போடாமல் இருப்பது உத்தமம்.

மீன் செத்து மிதந்தால் நிற்கும் இடத்திலேயே கொஞ்சம் துப்பு எடுக்கலாம். விடியற்காலையில், பெரிய மீன் முதலில், வாயைப் பிளந்து மேலே வந்து செத்திருந்தால் பிராணவாயு தீர்ந்திருக்கிறது. எந்த நேரத்திலும் சின்னது பெரியது பாராமல் எல்லாம் செத்தால் விஷத்தைச் சந்தேகப்படு. செவுள் வெளுத்திருந்தால் பிளீச்சிங் பவுடராக இருக்கலாம். வெளியே காயமில்லாமல், அறுத்துப் பார்த்தால் காற்றுப்பை கிழிந்து முதுகெலும்பு முறிந்திருந்தால் தோட்டா; அதில் பாதிக்கு மேல் மூழ்கிவிடும், மிதப்பதை மட்டும் எண்ணாதே. தண்ணீரைக் கழிவுக் குழாய் வாய்க்கு மேலே, வாயில், கீழே என்று மூன்று இடத்தில், குமிழி இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கு. ரசீது இல்லையென்றால் கொடுக்கவே இல்லை என்று ஆகிவிடும். திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் மனு, மனு எண். பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போவதானால் சம்பவம் நடந்து ஆறு மாதத்துக்குள். நம் ஆட்கள் ஏழாவது மாதம்தான் வக்கீலைத் தேடுவார்கள்.

இங்கிலாந்துக்காரன் இதில் நமக்கு முன்னோடி. 1948இலேயே தூண்டில்காரர்கள் வழக்கு நடத்தவென்றே ஒரு சங்கம் வைத்தார்கள். டெர்பியில் டெர்வென்ட் ஆற்றுக்காக ஒரு ஆலை மேலும், நகராட்சிச் சாக்கடை மேலும், மின் நிலைய வெந்நீர் மேலும் சேர்த்து வழக்காடி, 1950களின் தொடக்கத்தில் தடை உத்தரவே வாங்கினார்கள். அங்கே மீன்பிடி உரிமை சொத்து. நமக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. அதனால்தான் விவசாயிகளோடு சேர் என்கிறேன். நொய்யலுக்காகக் கோர்ட்டுக்குப் போனது ஆயக்கட்டு விவசாயிகள்தானே. ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் நின்றபோது நிலம் கெட்டது அவர்களுக்கு. 2011இல் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி உத்தரவு வந்தது அவர்களால். அந்தப் பக்கத்துத் தூண்டில்காரர்கள் என்ன செய்தார்கள்? வேறு ஆறு பார்த்துக்கொண்டார்கள்.

சரணாலயத்துக்குள் தூண்டிலைத் தடை செய்தது பற்றி நீ கேட்டிருந்தாய். எனக்கு ரெண்டு மனசு. தூண்டில் முள் குத்துவது மீனுக்குச் சுகம் என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் கலிபோரே முகாம் மூடியதோடு அந்த நோட்டும் மூடியது. கரையில் ராத்திரி பகல் இருந்த கண்ணும் போனது. தோட்டாக்காரனுக்கு அந்தக் கண்தான் இடைஞ்சலாக இருந்தது. வனத்துறை ஆளே பக்கத்தில் உட்கார்ந்து எண்ணட்டும், எண்ணுகிற வேலை நிற்கக்கூடாது என்பது என் கட்சி.

ஆடி பதினெட்டை ரத்து செய்யச் சொல்லவில்லை. மேடை இருக்கட்டும், மாலை இருக்கட்டும், உன் படமும் இருக்கட்டும், கண்ணாடியோடு. குஞ்சுக்குப் பதிலாக அன்றைக்கு நோட்டை வெளியிடு. மீன்வளத்துறை உதவி இயக்குநரையும் ஆயக்கட்டுச் சங்கத் தலைவரையும் கூப்பிட்டு முதல் பக்கத்தில் கையெழுத்து வாங்கு. பரிசல்காரப் பெரியவரை மேடையில் உட்கார வை; ஜல்லிப் படுகை எங்கெங்கே இருந்தது, எந்த வருஷம் போனது என்று அவர் சொல்லச் சொல்ல மொட்டை வரைபடத்தில் குறிக்கட்டும். அவனுக்கும் ஒரு வேலை ஆச்சு. நானும் வருகிறேன், நாற்காலி வேண்டாம்.

பண்ணைக்கு முன்பணம் கொடுத்தாயிற்றா? கொடுத்திருந்தால் எவ்வளவு என்று சொல், கட்லா ரோகுவாக மாற்றி யாராவது பண்ணைக்குட்டைக்காரருக்குக் கொடுத்துவிடலாமா என்று பார்ப்போம். அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் போன் போடு. ராத்திரி பத்து மணிக்கு மேலானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உன் பங்காளி

பி.கு.: தங்கச்சியிடம் எள்ளு வடை பார்சல் வந்தது என்று சொல்லிவிடு. பாதிக்கு மேல் தூளாகத்தான் வந்தது, அதையும் விடவில்லை.