அந்த ஒரு டிரைவரை மட்டும் உள்ளேயே வைத்துக் கொடுங்கள்

லேப்டாப் தயாரிக்கும் நிறுவனங்களின் இந்தியப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்தில் பதினாறு வருடமாக லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். இந்த மடல் உங்களில் ஒருவருக்கு மட்டும் உரியதில்லை. என் மேசைக்கு எல்லா நிறுவனத்து லேப்டாப்பும் வருகிறது, இந்தப் பிரச்சினை எல்லாவற்றிலும் இருக்கிறது: விண்டோஸைப் புதிதாகப் போட்டால், வைஃபை கார்டை விண்டோஸுக்கு அடையாளம் காட்டும் டிரைவர் என்ற சின்ன மென்பொருள் இல்லாமல் நெட் வருவதில்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம், கடை சாத்தும் நேரத்தில், வலங்கைமானிலிருந்து ஒரு கல்லூரி மாணவி தன் அண்ணனோடு பஸ் ஏறி வந்தாள். லேப்டாப் மெதுவாகிவிட்டதென்று அண்ணன் பென் டிரைவில் விண்டோஸ் 11 ஏற்றி, டிஸ்க்கில் இருந்த பழைய பார்ட்டிஷன்களை (பிரிவுகளை) எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டிருக்கிறார். சரியாகத்தான் போட்டிருக்கிறார். நாடு, கீபோர்டு எல்லாம் கேட்டு முடித்த பிறகு, நெட்வொர்க்கில் இணையச் சொல்லும் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. வைஃபை பெயர்கள் வரிசையாக வரவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. ‘நெக்ஸ்ட்’ பட்டன் அழுத்த முடியாதபடி மங்கிக் கிடந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு அவளுக்கு ஆன்லைனில் நேர்காணல். “அண்ணே, மதர்போர்டு போயிடுச்சா?” என்று கேட்டாள். குரல் உடைந்திருந்தது.

மதர்போர்டுக்கும் ஒன்றுமில்லை, வைஃபை கார்டுக்கும் ஒன்றுமில்லை. அந்தக் கார்டு விண்டோஸ் இன்ஸ்டாலருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதைப் பேசவைக்கும் டிரைவர் உங்கள் இணையதளத்தில் இருக்கிறது. இணையதளத்துக்குப் போக அந்த டிரைவர் வேண்டும். சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துக் கதவைப் பூட்டின கதைதான்.

சவுண்ட், டச்பேட், கிராஃபிக்ஸ் டிரைவர்களைப் பற்றி நான் எழுதவில்லை. நெட் வந்துவிட்டால் அவற்றைப் பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட்டே தேடிப் போட்டுக்கொள்கிறது. நெட் டிரைவர் அப்படியில்லை, மற்றதெல்லாம் அதன் வழியாகத்தான் வரவேண்டும். முன்பு லேப்டாப்போடு ஒரு டிரைவர் சிடி கொடுத்தீர்கள். பக்கவாட்டில் லேன் போர்ட்டும் இருந்தது, ஒயரைச் செருகிச் சமாளித்துவிடுவோம். சிடி போனது. உடம்பு மெலிந்ததும் பல மாடல்களில் லேன் போர்ட்டும் போனது. அதே காலத்தில்தான் விண்டோஸ் 11இன் ஹோம் பதிப்பு, முதல் செட்டப்புக்கே இணையம் வேண்டும் என்று 2021இல் வந்தது. அடுத்த வருடம் புரோ பதிப்புக்கும் அதே நிபந்தனை வந்தது. ஷிஃப்ட், எஃப்10 அழுத்திக் கட்டளை கொடுத்துத் தாண்டும் குறுக்கு வழிகளும் புதிய பதிப்புகளில் அடைபட்டுக்கொண்டே வருகின்றன. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்த பிறகு, ஓஎஸ் (இயங்குதளம்) மாற்ற வருகிறவர்கள் என் கடையில் அதிகம்.

அந்தப் பெண்ணின் லேப்டாப்பை போன் வழியாகத்தான் எழுப்பினேன். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி ஒயரால் இணைத்து, போனின் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுக்கும் ‘யூஎஸ்பி டெதரிங்’கை ஆன் செய்தால், விண்டோஸ் அதைப் பெரும்பாலும் லேன் ஒயர் போலவே எடுத்துக்கொள்ளும், தனியாக டிரைவர் கேட்காது. அண்ணனுக்கும் இது தெரிந்திருந்தது, வீட்டில் செய்தும் பார்த்திருக்கிறார். அவர் வைத்திருந்தது சார்ஜ் மட்டும் ஏற்றும் ஒயர், டேட்டா போகாத ஒயர். என் மேசையிலிருந்த வேறு ஒயரை மாற்றியதும் பட்டன் உயிர்பெற்றது. மொத்தம் பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்துக்காக அவர்களின் ஒரு நாள் முழுக்கப் போயிருந்தது.

டெதரிங் கைகொடுக்காதவர்கள் என்ன செய்வார்கள்? வேறொருவரின் கணினியில் உங்கள் இணையதளத்தைத் திறந்து மாடல் பெயரைப் போட்டால், ஒரே மாடலுக்கு இன்டெல், ரியல்டெக், மீடியாடெக் என்று மூன்று வைஃபை டிரைவர்கள் வரிசையாக நிற்கின்றன. எந்தச் சமயத்தில் எந்தக் கார்டு கிடைத்ததோ அதைப் போட்டு அனுப்பியிருப்பீர்கள், அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் இந்த லேப்டாப்பில் எது இருக்கிறது என்று வாங்கியவருக்கு எப்படித் தெரியும்? அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் மாடல் இருக்கிறது, சீரியல் நம்பர் இருக்கிறது, வோல்ட் கணக்கு இருக்கிறது. பல லேப்டாப்களில் வைஃபை கார்டின் பெயர் மட்டும் இல்லை.

எங்களைப் போன்றவர்கள், லேப்டாப்பின் உறுப்புகளை விண்டோஸ் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் போட்ட வரியைத் திறந்து, ‘ஹார்டுவேர் ஐடி’யில் ‘வென்’ (தயாரிப்பாளர்) என்பதற்குப் பின்னால் உள்ள நாலு எழுத்தைப் பார்ப்போம். 8086 என்றால் இன்டெல், 10ஈசி என்றால் ரியல்டெக், 14சி3 என்றால் மீடியாடெக். இது தெரியாதவர்கள் ‘வைஃபை டிரைவர் டவுன்லோட்’ என்று தேடுகிறார்கள். முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம். எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் போட்டுத் தருவதாகச் சொல்லும் ஏதோ ஒரு செயலி இறங்குகிறது, அதன் பின்னாலேயே இன்னும் நாலு வேண்டாத செயலிகள். அப்படி வந்த லேப்டாப்பை மறுபடி முதலிலிருந்து அழித்துப் போடவேண்டியிருக்கிறது.

ரெக்கவரி பார்ட்டிஷனில், அதாவது மீட்பதற்கென்று டிஸ்க்கில் ஒதுக்கிய பகுதியில், எல்லாம் வைத்திருக்கிறோம் என்று சொல்வீர்கள். அது எஸ்எஸ்டியிலேயே, விண்டோஸ் இருக்கும் அதே டிஸ்க்கிலேயே இருக்கிறது. எஸ்எஸ்டி செத்தால் அதுவும் செத்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்டினால் அது பழைய டிஸ்க்கோடு போய்விடும். ஓஎஸ்ஸைப் புதிதாகப் போடவேண்டிய அவசியம் பெரும்பாலும் அந்த நேரங்களில்தான் வருகிறது.

இது முடியாத காரியமில்லை. ஆப்பிள் 2011லேயே டிஸ்க்கில் எதுவும் இல்லாவிட்டாலும் மேக் தானே வைஃபையைப் பிடித்து ஓஎஸ்ஸை இறக்கிக்கொள்ளும் வசதியைக் கொண்டுவந்தது. விண்டோஸுக்கு மாற்றாக இலவச ஓஎஸ் தரும் டெபியன் லினக்ஸ்காரர்களைப் பாருங்கள். மூல நிரல் திறந்திராத ஃபர்ம்வேரை (வைஃபை கார்டு போன்றவை இயங்கத் தேவையான மென்பொருளை) தங்கள் அதிகாரபூர்வ இன்ஸ்டாலரில் சேர்ப்பதில்லை என்று கொள்கையாகவே வைத்திருந்தவர்கள் அவர்கள். வைஃபை வேலை செய்யாமல் புதியவர்கள் தவிப்பதைப் பார்த்து, 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023இல் வந்த டெபியன் 12 முதல் அதைச் சேர்த்துவிட்டார்கள். கொள்கைக்காக நின்றவர்களே மனம் இறங்கியபோது, அப்படியொரு தடையும் இல்லாத நீங்கள் ஏன் தயங்குகிறீர்கள்?

இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். உங்களில் சிலரின் லேப்டாப்பில் விண்டோஸைச் சுத்தமாக அழித்துப் போட்டாலும், டெஸ்க்டாப் வந்ததும் உங்கள் செயலியை நிறுவச் சொல்லும் பெட்டி தானாகவே எழுகிறது. அது பயாஸிலிருந்து, அதாவது மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருளிலிருந்து வருகிறது. டிஸ்க் மாறினாலும் பிழைக்கும் இடம் ஒன்று லேப்டாப்பில் இருக்கிறது, அதை நீங்களே பயன்படுத்தவும் செய்கிறீர்கள் என்றுதானே அர்த்தம்? அந்த வழியில் முதலில் நெட் டிரைவருக்கு இடம் கொடுங்கள். முழு டிரைவர் அங்கே கொள்ளாதென்றால், பெட்டிக்குள் ஒரு சின்ன பென் டிரைவ் வையுங்கள். அதுவும் செலவென்றால், ஸ்டிக்கரில் வைஃபை கார்டின் பெயரை ஒரு வரி அச்சடியுங்கள், மைச் செலவுதான். சீரியல் நம்பரைப் போட்டால் அந்த லேப்டாப்புக்குரிய ஒரே நெட் டிரைவர் மட்டும் வரும்படி பக்கத்தை அமையுங்கள். அந்தப் பக்கத்தை ஐந்தாறு வருடத்தில் எடுத்துவிடாதீர்கள். இங்கே ஒரு லேப்டாப் அக்காவிடமிருந்து தம்பிக்குப் போகிறது, தம்பியிடமிருந்து சித்தப்பா மகளுக்குப் போகிறது. 2011இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த பழைய லேப்டாப்கள்கூட இன்னும் என் கடைக்கு வருகின்றன.

நீங்கள் செய்யும்வரை நான் செய்வது இதுதான். எஸ்எஸ்டி மாற்ற அடிமூடியைக் கழற்றும்போது, உள்ளே கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய ஒயர் மாட்டிய அந்தச் சின்ன வைஃபை கார்டின் பெயரைப் படித்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அடியில் உங்கள் ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் ஒட்டி, மேலே செல்லோ டேப் போட்டுக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
லேப்டாப் சர்வீஸ்காரர் ஒருவர்,
கும்பகோணம்