தைலப் புட்டிக்குத் தமிழில் எச்சரிக்கை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐப்பசி மழை வந்துவிட்டால் எங்கள் பெரம்பூர் பக்கம் வீட்டுக்கு வீடு நீலகிரித் தைல வாசனைதான். போன வாரம் சளி பிடித்திருந்த என் ஒன்றரை வயதுப் பேரனுக்கு, பக்கத்து வீட்டு அம்மா ஆசையாக மூக்கடியில் இரண்டு சொட்டு தடவிவிட்டார். பிள்ளை மூச்சுத் திணறி, முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு வாசலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. என் கை நடுக்கம்தான் அன்று முழுக்க நிற்கவில்லை.

தைலமே கூடாது என்று சொல்லவில்லை. கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினால் என்ற பொருளைப் பல் மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். 1990இல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் நடந்த ஆய்வில், 5 சதவீத டீ ட்ரீ எண்ணெய் (ஒரு ஆஸ்திரேலிய மரத்தின் இலைத் தைலம்) முகப்பருவைக் குறைத்தது. வழக்கமான மருந்தைவிட மெதுவாகத்தான், ஆனால் எரிச்சல் குறைவு. அங்கே எல்லாம் அளந்து கொடுக்கிறார்கள். நாம் கைக்கு வந்தபடி ஊற்றுகிறோம். நீலகிரித் தைலமோ கற்பூரமோ சிறு பிள்ளையின் வயிற்றுக்குள் போனால் வலிப்பே வரலாம். ஒரு டீஸ்பூன் தைலம்கூட ஆபத்து.

அப்புறம்தான் எங்கள் வீட்டுப் புட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இருமல் சிரப் போலவே பழுப்பு நிறம், லேசாகத் திருகினாலே கழன்றுவிடும் மூடி, எச்சரிக்கை மட்டும் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். குழந்தைகள் திறக்க முடியாத மூடியையும், பெரிய எழுத்தில் தமிழ் எச்சரிக்கையையும் அரசு கட்டாயமாக்க வேண்டும்.

- ஒரு பாட்டி, பெரம்பூர், சென்னை