வோனா கிராமத்துல ஒரு சாப்பாட்டுக்கு ஏன் முழு மத்தியானம்?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்,

மே மாச பிரான்ஸ் ட்ரிப்புக்கு புக் பண்ணவங்கள்ல ஏழெட்டு பேர் போன் பண்ணி ஒரே கேள்விய கேட்டீங்க, ஆறாவது நாள் மத்தியானம் முழுசையும் ஏதோ ஒரு கிராமத்துல சாப்பாட்டுக்குன்னே ஒதுக்கி வெச்சிருக்கீங்களே, அத ஒரு மணி நேரத்துல முடிச்சுட்டு இன்னொரு ஊர் பாத்துட்டு வரலாமேன்னு. நியாயமான கேள்விதான், காசு போடுறது நீங்க. ஆனா எங்க ப்ளான்ல வேற எத வேணா மாத்துவோம், அந்த ஒரு சாப்பாட்ட மட்டும் குறைக்க மனசு வரல. ஏன்னு சொல்லிடறோம்.

அந்த ஊர் பேரு வோனா. பாரிஸ்லேர்ந்து டிஜிவிங்கற அதிவேக ரயில் புடிச்சா மாக்கோன்ங்கற ஊர் வரைக்கும் ஒண்ணரை மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல, அங்கேர்ந்து 20 கிலோமீட்டர் மாதிரி பஸ்ல. மொத்த ஊர்லயும் மூவாயிரம் பேர் இருந்தா அதிகம், நடுவுல வேல்னு ஒரு சின்ன ஆறு ஓடுது. 1872ல சந்தைக்கு பக்கத்துல ப்ளான் குடும்பம் ஒரு சின்ன சத்திரம் போட்டாங்க, சந்தைக்கு கோழி வியாபாரம் பண்ண வர்றவங்கதான் அங்க சாப்பிட்டது. 1902ல அந்த வீட்டு மருமக எலீசா ப்ளான் அடுப்படிய எடுத்துக்கிட்டாங்க, 1933ல க்யூர்னோன்ஸ்கிங்கற பெரிய சாப்பாட்டு எழுத்தாளர் வந்து இந்த அம்மாதான் உலகத்துலயே சிறந்த சமையல்காரின்னு சொல்லிட்டுப் போனாரு. பேரன் ஜார்ஜ் ப்ளான் 1968ல பொறுப்புக்கு வந்தாரு, 1981ல மிஷ்லான் கைடுல (ஹோட்டல் சாப்பாட்டுக்கு ஸ்டார் குடுக்குற புத்தகம், மூணுதான் உச்சம்) மூணு ஸ்டார், அது 2024 வரைக்கும் நின்னுச்சு, இப்போ ரெண்டு. ஸ்டார் எண்ணிக்கைக்காக நாங்க அங்க போகல, ஒரு குடும்பம் 150 வருஷத்துக்கு மேல ஒரே கிராமத்துல அடுப்பு எரிச்சுட்டு இருக்கே, அதுக்காகத்தான் போறோம்.

அப்புறம் அந்த கோழி! ப்ரெஸ் கோழின்னு சொல்வாங்க, ப்ரெஸ்ங்கறது அந்த வட்டாரத்தோட பேரு, வெள்ளை றெக்கை, சிவப்பு கொண்டை, நீலக் கால், பிரான்ஸ் கொடியோட மூணு கலரும் ஒரே கோழியில இருக்கு. எந்த எல்லைக்குள்ள வளந்தா அந்தப் பேர போடலாம்னு 1957லயே தனியா சட்டம் போட்டுட்டாங்க. ஒரு கோழிக்கு குறைஞ்சது 10 சதுர மீட்டர் புல்வெளி விடணும், சோளமும் பால் பொருளும் தீனி, நாலு மாசம் கிட்ட வளத்துட்டுதான் விக்கிறாங்க. நம்ம ஊர் பிராய்லர் 40 நாள்ல கடைக்கு வந்துடுதுல்ல, அத நெனச்சுப் பாருங்க. போன தடவ அங்க சந்தையில ஒரு கோழிய கையில வாங்கிப் பாத்தோம், கால்ல ஒரு வளையம், அதுல அத வளத்தவர் பேரும் ஊரும் பொறிச்சிருக்கு, எந்தத் தோட்டத்துலேர்ந்து வந்துச்சுன்னு வாங்குறவருக்கு தெரியணுமாம்.

அத வெண்ணெய்ல பொன்னிறமா வதக்கி, வெங்காயம், காளான், கொஞ்சம் ஒயிட் வைன், கடைசியா அந்த ஊர் க்ரீம் ஊத்தி கொதிக்க விடுவாங்க. மசாலா ஒண்ணும் கிடையாது, மொத வாய் வெக்கும்போது உப்பு மட்டும்தானேன்னு தோணும், ரெண்டாவது மூணாவது வாய்லதான் கோழியோட ருசியே தனியா தெரியவரும், அதுக்கு நாக்குக்கு கொஞ்சம் டைம் குடுக்கணும். கூடவே உள்ளங்கை அளவு உருளைக்கிழங்கு தோசை மாதிரி ஒண்ணு வரும், எலீசா அம்மா கண்டுபுடிச்சது, ஓரம் மொறுமொறுன்னும் நடுவுல ஆப்பம் மாதிரி மெத்துன்னும் இருக்கும். அத அந்த க்ரீம்ல தொட்டு சாப்பிடுங்க.

மூணு மணி நேரம் ஆகறதுக்கு சர்வீஸ் ஸ்லோன்னு அர்த்தம் இல்லீங்க, அங்க சாப்பாட்டு முறையே அதுதான். மொதல்ல ஒரு வாய் அளவுக்கு குட்டி ஐட்டம், அப்புறம் ஆன்த்ரேங்கற மொத கோர்ஸ், அப்புறம் மெயின், அதுக்கப்புறம் சீஸ் வண்டிய தள்ளிட்டு வருவாங்க, அப்புறம்தான் ஸ்வீட், காபி எல்லாத்துக்கும் கடைசி. பன்ன தட்டுல வைக்க வேணாம், பக்கத்துல மேஜைத் துணி மேலயே வைக்கலாம். சாதா தண்ணி கேட்டா ஜக்குல தருவாங்க, அதுக்கு காசு கிடையாது. நீங்களா கேக்காம பில்லு வராது, வந்து நின்னு கிளப்ப மாட்டாங்க, அது மரியாதை. உள்ள நுழையும்போது ஒரு போன்ஷூர் (வணக்கம்) மட்டும் மறக்காம சொல்லிடுங்க. மெனுல க்ரெனூய்னு இருந்தா அது தவளைக்கால், அந்தப் பக்கம் குளம் குட்டை ஜாஸ்தி, விரும்பி சாப்பிடுவாங்க, வேணாம்னா எங்ககிட்ட சொல்லுங்க.

இப்போ முக்கியமான விஷயம். ரெண்டு வருஷம் முன்னாடி வேற ஒரு ஊர்ல, எங்க குரூப்ல வந்த ஒரு அம்மா சுத்த சைவம், நாங்க அத முந்தின நாள் சாயங்காலம்தான் போன்ல சொன்னோம், அதையும் வெஜிடேரியன்னு ஒத்த வார்த்தையில சொல்லி வெச்சுட்டோம், தட்டுல மீன் வந்துடுச்சு. அந்த அம்மா யாரையும் ஒரு வார்த்தை சொல்லாம பன்னும் வெண்ணெயும் மட்டும் சாப்பிட்டு எழுந்தாங்க. தப்பு முழுக்க எங்களோடது, இன்னைக்கும் மனசுல உறுத்துது. அங்க காய்கறி சூப்புக்கே கோழி ஸ்டாக் (எலும்பு வேகவெச்ச தண்ணி) ஊத்துவாங்க, சீஸ்ல ரென்னட் (பால திரிய வைக்க கன்னுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்கறது), சில ஸ்வீட்ல ஜெலட்டின் (மிருகத் தோல், எலும்புலேர்ந்து எடுக்கறது), இதெல்லாம் ஒண்ணொண்ணா எழுதிக் குடுத்தாதான் அவங்களுக்குப் புரியும். முன்னாடியே தெரிஞ்சா நல்லாவே பண்ணித் தருவாங்க, மே மாசம் வெள்ளை ஆஸ்பரகஸ் (தண்டு மாதிரி ஒரு காய்கறி), மோரல்ங்கற காளான் ரெண்டும் சீசன்.

அதனால இதோட ஒரு ஃபார்ம் அனுப்பிருக்கோம். மீன், முட்டை, மாட்டுக்கறி, பன்னிக்கறி, வைன் சேத்த குழம்பு, நட்ஸ் அலர்ஜி, எது ஆகும் எது ஆகாதுன்னு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுதி கிளம்பறதுக்கு மூணு வாரம் முன்னாடி எங்க கைக்கு வர்ற மாதிரி அனுப்பிடுங்க. பெரியவங்களுக்கு ரொம்ப நேரம் உக்கார முடியாதுன்னா அதையும் எழுதுங்க, நடுவுல எழுந்து ஆத்தோரமா ஒரு நடை போயிட்டு வரலாம், நாங்க கூட வர்றோம். அன்னைக்கு காலையில பஸ் 9 மணிக்கு கிளம்பிடும், ஏன்னா மத்தியானம் ஒண்ணரைக்கு மேல போனா அங்க அடுப்படியில ஆர்டர் எடுக்க மாட்டாங்க. ஹோட்டல்ல காலை டிபன் லேசா முடிச்சுக்கோங்க.

அன்புடன்,
உங்க டிராவல்ஸ் குடும்பம்