ஹராகிரியை வழவழப்பாக்காதீர்கள்

பழைய ஜப்பானியப் படங்களை டிஸ்க்குகளாக வெளியிடும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். மசாகி கொபயாஷி 1962-இல் ஷோச்சிகு நிறுவனத்துக்காக இயக்கிய 'ஹராகிரி'யை இனி எந்த வடிவில் பதிப்பித்தாலும், அதன் பிம்பத்தைத் துடைத்து வழவழப்பாக்காதீர்கள் என்று கேட்கவே எழுதுகிறேன். குலமானம் என்ற பளபளப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கொடுமையைத் தோலுரிக்கும் படம் அது. அதற்கே மெருகு பூசுவதை என்னால் தாங்க முடியவில்லை.

கீறலையும் தூசியையும் தாராளமாக நீக்குங்கள். ஆனால் கிரெயின் எனப்படும் ஃபிலிம் துகள்களை விட்டுவிடுங்கள். மென்பொருள் அவற்றை அழிக்கும்போது முகச் சுருக்கமும் துணியின் நெசவும் சேர்ந்தே போய்விடுகின்றன. இந்தப் படத்தில் நாயகனாக நடித்தபோது தத்சுயா நகாடாய்க்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பேரக்குழந்தை கண்ட சாமுராயாக அவரை நாம் நம்புவது அந்தக் குரலாலும், முற்றத்து விரிப்பில் அமர்ந்திருக்கும் அவருடைய இறுகிய முகத்தாலும்தான். அந்த முகத்தை மெழுகுப் பொம்மையாக்கிவிட்டால் பிறகு என்ன மிஞ்சும்? புல்வெளியில் நடக்கும் வாட்போரையும் எண்ணிப் பாருங்கள். யோஷியோ மியாஜிமாவின் அகலத்திரை ஒளிப்பதிவில் காற்று தெரிவதே புல்லின் அசைவில்தான். துகளை அழித்தால் புல் சாம்பல் நிறத் தீற்றலாகிவிடும், காற்றும் நின்றுவிடும். கருப்பு வெள்ளை எடுப்பாகத் தெரியட்டும் என்று ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான மாறுபாட்டைக் (கான்ட்ராஸ்ட்) கூட்டுவதும் இதே அளவுக்குக் கெடுதல்.

டோரு டகெமிட்சுவின் இசைக்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை. பிவா என்னும் நரம்புக் கருவியில் ஒரு மீட்டல், பிறகு நெடிய அமைதி. பழைய ஒலித்தடத்தின் மெல்லிய சீறலை முற்றிலும் வடிகட்டப் போனால், அந்த மீட்டல் தேய்ந்து அடங்கும் அதிர்வும் வெட்டுப்பட்டுவிடும். மூலத்தின் மோனோ (ஒற்றைத் தட) ஒலியை அப்படியே கொடுங்கள். பல்தட ஒலி வேண்டுமென்றால் அது கூடுதலாக இருக்கட்டும்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. எந்த நாட்டு டிஸ்க் எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்று வரையறுக்கும் ப்ளூ-ரே மண்டலப் பிரிவில் ஜப்பானும் அமெரிக்காவும் 'ஏ', பிரிட்டன் 'பி', இந்தியா 'சி'. மண்டலப் பூட்டுப் போட்ட டிஸ்க்கைக் காசு கொடுத்து வாங்கினாலும் இங்குள்ள சாதாரண பிளேயரில் ஓடாது. கூடுதல் துல்லியம் கொண்ட 4கே டிஸ்க்குகளுக்கு அந்தப் பூட்டே கிடையாது. ப்ளூ-ரேயிலும் எடுத்துவிடுங்கள்.

எந்த மூலப் பிரதியிலிருந்து ஸ்கேன் செய்தீர்கள், துகள் குறைப்பு செய்தீர்களா, செய்தால் எவ்வளவு என்பதை உறையின் பின்புறம் அச்சிடுங்கள். வாங்குவதற்கு முன் நாங்கள் தேடுவது அந்த இரண்டு வரிகளைத்தான்.

அன்புடன்,
ஒரு ரசிகர்