நீ அனுப்பிய கடல்

அன்புள்ள சேகர்,

பேஸ்டல் என்கிற வண்ணப் பொடிக்குச்சியால் நீ வரைந்த கடற்கரைப் படம் பத்திரமாக வந்து சேர்ந்தது. மேலே வைத்திருந்த மெல்லிய தாளில் கொஞ்சம் நீலப் பொடி ஒட்டியிருந்தது, மற்றபடி சேதம் இல்லை. நல்ல நேரத்தில்தான் வந்திருக்கிறது. போன மாதம் எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். அந்தக் கண்ணால் பார்த்தால் உன் வானம் நீலச் சாம்பல். இடது கண்ணால் பார்த்தால் அதே வானத்தில் பழுப்பு ஏறிக் கிடக்கிறது. எனக்கு இரண்டு கடல் அனுப்பியிருக்கிறாய்.

பிரெஞ்சு ஓவியர் மோனேவைத் திறந்தவெளிக்குக் கூட்டிப்போய் வரையப் பழக்கிய ஓவியர் பூதேனைப் பற்றி முன்பு பேசியிருக்கிறோம். அவருடைய பேஸ்டல் வானங்களைப் பற்றி 1859இல் கவிஞர் போதலேர் எழுதினார்: ஓரத்தில் உள்ள குறிப்பைக் கையால் மறைத்தாலும் பருவம், பொழுது, காற்று மூன்றையும் ஊகித்துவிடலாம் என்று. நானும் உன் படத்தைத் திருப்பி, பின்பக்கம் நீ எழுதிய குறிப்பைப் பார்க்காமல் அதைச் செய்து பார்த்தேன்.

சாயங்காலம். மழை விட்டு அரை மணி ஆகியிருக்கும். ஈர மணலில் வானத்தின் நிறம் கிடக்கிறது, நிழல் எங்குமே இல்லை. காற்று இடமிருந்து வலம்.

வீட்டில் பார்த்தவர்கள் சோகமான படம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொடுவானத்தை அவ்வளவு கீழே இறக்கி, முக்கால் பங்கை வானத்துக்கே கொடுத்துவிட்டாய். ஆட்கள் இரண்டு பேரும் ஓரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு, நகத்தளவில் நிற்கிறார்கள். எல்லாம் தனிமைக்கான ஏற்பாடுதான். ஆனால் இரண்டு பேர் தோளுக்கும் சேர்த்து ஒரே கோடு இழுத்திருக்கிறாயே, அங்கேதான் படம் மாறுகிறது. பேச்சு முடிந்த பிறகும் கிளம்ப மனம் வராமல் நிற்கிறவர்கள் அவர்கள்.

வானத்தை விரலால் தேய்த்துவிட்டு நுரையைத் தேய்க்காமல் விட்டதும் நல்ல முடிவு. தாளின் சொரசொரப்பு அங்கே தெரிவதால் நுரை அசைகிறது.

அந்தப் படகுதான் எனக்கு ஒட்டவில்லை. இடது பக்கம் காலியாக இருக்கிறதே என்று வைத்தாயா? கட்டைவிரலால் மறைத்துப் பார், வானம் இன்னும் பெரிதாகும். பிரெஞ்சு ஓவியர் தெகா 1869இல் பிரான்சின் நார்மண்டிக் கரையை வரைந்த பேஸ்டல்களில் சிலவற்றில் மணலும் நீரும் வானமும் வெறும் பட்டைகளாகவே கிடக்கும். அதை நிரப்ப அவர் அவசரப்படவில்லை.

அப்புறம், இடது கண்ணுக்கும் அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். அதன் பிறகு அந்தப் பழுப்பு வானம் எனக்குக் கிடைக்காது. அதனால் தினமும் மாறி மாறிப் பார்த்துக்கொள்கிறேன். பின்பக்கம் நீ குறித்திருப்பதை இன்னும் பார்க்கவில்லை. என் ஊகம் சரியா என்று எழுது, பிறகு திருப்புகிறேன்.

அன்புடன்,
ராகவன்